தண்ணீர் எங்கே போகிறது?



டில்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட் என்று ஒரு சந்தை இருக்கிறது. ஐ.என்.ஏ. என்பது மூன்று ஆங்கில எழுத்துகள். இந்திய தேசிய ராணுவம் என்பதன் சுருக்கம். நேதாஜி தலைமை தாங்கிய படை அது. அந்தப் படையின் பெயர்தான் இந்த இடத்துக்கு வந்தது. எதிரே டில்லி ஹாட் இருக்கிறது. அது 1994இல் திறந்தது. 2010இல் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது.

டில்லித் தமிழர்களுக்கு இந்த மார்க்கெட்டைத் தெரியாமல் இருக்காது. முருங்கைக்காய் வேண்டுமா? வாழையிலை வேண்டுமா? கறிவேப்பிலை வேண்டுமா? ஐ.என்.ஏ.வுக்குப் போ என்பார்கள். மீனும் அப்படித்தான். கடல் எங்கேயோ இருக்கிறது. ஆனாலும் கடல் மீன் இங்கே கிடைக்கும்.

மீன் வந்தால் ஐஸ் வரும். ஐஸ் வந்தால் தண்ணீர் வழியும். மீன்கடைப் பக்கம் தரை எப்போதும் ஈரம்தான். அந்தப் பக்கம் நிற்கும் காருக்கு அடியிலும் ஈரம் இருக்கும். அது மீன்கடைத் தண்ணீரா? அல்லது காரிலிருந்து ஒழுகிய தண்ணீரா? பார்த்த உடனே சொல்ல முடியுமா?

இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான். காரின் எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் ஒழுகினால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு டாக்சி டிரைவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விழுப்புரம் பக்கத்துக்காரர். டில்லிக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. பழைய கார் ஒன்றைக் கடனில் வாங்கி ஓட்டுகிறார். மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். மனைவி நாலு வீட்டில் சமையல் வேலை செய்கிறார். இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். இந்த விஷயத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பிறகு வரும்.

ஒரு மே மாதம். டில்லி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஐ.என்.ஏ.வுக்குப் பக்கத்திலேயே சப்தர்ஜங் வானிலை நிலையம் இருக்கிறது. டில்லியில் இன்று எத்தனை டிகிரி என்று செய்தியில் சொல்கிறார்களே, அதை அங்கேதான் அளக்கிறார்கள். 1944 மே 29 அன்று அங்கே 47.2 டிகிரி வெயில் பதிவானது. அந்த மாதிரி வெயிலில் மனிதனுக்கே தலை சுற்றும். எஞ்சின் என்ன பாடுபடும்?

நம் டிரைவர் ஒரு அம்மாவை மீன் வாங்க அழைத்து வந்தார். வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். காருக்கு அடியில் ஈரம் தெரிந்தது. "மீன்கடைத் தண்ணி" என்று விட்டுவிட்டார். திரும்பும்போது எய்ம்ஸ் பக்கம் நெரிசல். வண்டி நத்தையாக ஊர்ந்தது. டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. அதில் ஒரு ஓரத்தில் சி என்ற ஆங்கில எழுத்து இருக்கும். குளிர் என்று பொருள். இன்னொரு ஓரத்தில் எச் என்ற எழுத்து இருக்கும். சூடு என்று பொருள். முள் எச் எழுத்தைத் தொடப் போனது.

அவர் வண்டியை ஓரம் கட்டினார். நல்ல வேளை. எஞ்சினை நிறுத்தினார். வெகு நேரம் காத்திருந்தார். பிறகு பானெட்டைத் திறந்து பார்த்தார். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் இல்லை. ஒரு பாட்டில் ஊற்றினார். வண்டி கிளம்பியது.

மறுநாள் டாக்சி ஸ்டாண்டில் ஒரு மூத்த டிரைவரிடம் சொன்னார்.

"அண்ணே, வண்டி தண்ணி குடிக்குது."

"அது ஒண்ணுமில்ல தம்பி. காலையில ஒரு மக்கு ஊத்திட்டு எடு. முப்பது வருஷம் நான் அப்படித்தான் ஓட்டினேன்."

பெரியவர் சொன்னது பொய் இல்லை. அவர் ஓட்டியது அம்பாசடர். அந்தக் காலத்து டில்லி டாக்சி என்றால் கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை, அம்பாசடர்தான். தினமும் காலையில் மூடியைத் திறப்பார்கள். தண்ணீர் ஊற்றுவார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது போல அது ஒரு வழக்கம். அதன் ரேடியேட்டர் பித்தளையும் செம்பும் கலந்தது. ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்துப் பற்றுவார்கள். 2014இல் அம்பாசடர் தயாரிப்பே நின்றுவிட்டது. இன்றைய கார் வேறு. இதில் தண்ணீர் மூடிய பாதையில் சுற்றிச் சுற்றி வருகிறது. வெளியே போக வழி இல்லை. மாதக் கணக்கில் டப்பாவில் அளவு மாறாது. மாறினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. தினமும் ஊற்றினால் ஓட்டை அடைபடுமா? ஓட்டைப் பானையில் ஊற்றிக்கொண்டே இருக்கிற கதைதான்.

தண்ணீர் எதற்கு என்று கொஞ்சம் பார்ப்போம்.

எஞ்சினுக்குள் எரிபொருள் எரிகிறது. அந்தத் தீயின் சூடு 2000 டிகிரியைத் தாண்டும். இந்தச் சூட்டில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. ஒரு பங்கு புகையோடு சைலன்சர் வழியே போகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எஞ்சின் இரும்பிலேயே தங்கப் பார்க்கும். தங்கினால் இரும்பு வளையும், இறுகும். அதனால் எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. வாட்டர் பம்ப் அதைத் தள்ளுகிறது. சூடான தண்ணீர் முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்கள் வழியே ஓடுகிறது. காற்று பட்டு ஆறுகிறது. மறுபடி எஞ்சினுக்குப் போகிறது. சின்னக் காரில் ஏறக்குறைய 4 லிட்டர்தான் இருக்கும். அதுவே நாள் முழுக்கச் சுற்றுகிறது.

அது வெறும் தண்ணீரும் அல்ல. அதில் கூலண்ட் என்ற மருந்து கலந்திருக்கிறது. கூலண்ட் இருந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காது. மலை ஊர்க் குளிரில் உறையாது. உள்ளே துருப் பிடிக்காது. பச்சை, சிவப்பு, நீலம் என்று பல நிறத்தில் வருகிறது. ஒழுகினால் கண்ணுக்குத் தெரிய இந்த நிறம் உதவும். ஆனால் நிறம் ஒன்றாக இருந்தால் மருந்தும் ஒன்றுதான் என்று நினைக்கக் கூடாது. எதை ஊற்றலாம் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

ரேடியேட்டர் மூடியைச் சாதாரண மூடி என்று நினைப்பார்கள். அது குக்கர் மாதிரி வேலை செய்கிறது. குக்கரில் வெயிட் போடுகிறார்கள். நீராவி உள்ளேயே அடைபடுகிறது. அழுத்தம் கூடுகிறது. அதனால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை போகிறது. பருப்பு சீக்கிரம் வேகிறது. ரேடியேட்டர் மூடியும் இதைத்தான் செய்கிறது. அதிலும் ரப்பர் வளையம் உண்டு. ஸ்பிரிங் உண்டு. ரப்பர் நைந்து போனால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் சீக்கிரம் கொதித்து ஆவியாகப் போய்விடும். குக்கர் கேஸ்கட் போனால் விசில் வராது அல்லவா? அதேதான். பல வண்டிகளில் குற்றம் இந்த மூடியில்தான் இருக்கும். மலிவான பொருள். ஆனால் யாரும் முதலில் இதைப் பார்ப்பதில்லை.

குக்கரைச் சூட்டோடு திறந்தால் என்ன ஆகும்? எந்த வீட்டிலும் திறக்க மாட்டார்கள். ஆனால் ரேடியேட்டர் மூடியை மட்டும் சாலையோரத்தில் அவசரமாகத் திறக்கிறார்கள். கொதிக்கும் தண்ணீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். கண் போகும். தோல் உரியும். ஈரத்துணி போட்டுத் திறந்தாலும் ஆபத்துதான். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் அதற்கும் மேல் காத்திருக்க வேண்டும். மேலே இருக்கும் பெரிய ரப்பர் குழாய் கைக்குச் சூடில்லாமல், அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். பிறகுதான் மூடி.

அப்படியும் யாருக்காவது பட்டுவிட்டால்? காயத்தின் மேல் சாதாரணக் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓட விட வேண்டும். பேஸ்ட் தடவக் கூடாது. மை தடவக் கூடாது. மீன்கடை ஐஸ் பக்கத்தில் இருக்கிறதே என்று அதை வைக்கவும் கூடாது. ஐஸ் புண்ணை மோசமாக்கும். பிறகு ஆஸ்பத்திரி. ஐ.என்.ஏ. பக்கம் என்றால் சப்தர்ஜங் ஆஸ்பத்திரி அருகில் இருக்கிறது. அங்கே தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

சரி, நம் டிரைவர் என்ன செய்தார்? பெரியவர் சொன்னபடி தினமும் ஊற்றினார். ஒரு வாரம் ஆனது. பயம் வந்தது. ஒரு பட்டறைக்குப் போனார். அங்கே பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். "வெளியே ஒழுகல் இல்லை. அப்படியானால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு அவருக்கு வயிறு கலங்கியது. இரண்டு மாதத் தவணைப் பணம் அது. வட்டிக்கு வாங்கினால்தான் முடியும்.

வீட்டில் வந்து சொன்னார். மனைவி கேட்டார்: "தினம் எவ்வளவு ஊத்துறீங்க?"

"யாருக்குத் தெரியும்? குறைஞ்சா ஊத்துவேன்."

"பால் கணக்கு எழுதுறேன். மளிகைக் கணக்கு எழுதுறேன். இதையும் எழுதிட்டாப் போச்சு."

ஒரு நோட்டு எடுத்தார். கோடு போட்டார். தேதி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எவ்வளவு ஊற்றியது. மூன்றே கட்டம். டப்பாவின் பக்கத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். மேல் கோட்டில் மேக்ஸ் என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் போகக் கூடாது. கீழ்க் கோட்டில் மின் என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே இறங்கக் கூடாது. தினமும் காலையில், வண்டி ஆறியிருக்கும்போது, மேல் கோடு வரை ஊற்றினார்கள். அரை லிட்டர் பாட்டிலில் அளந்து ஊற்றினார்கள்.

திங்கள் 110 கிலோமீட்டர். கால் லிட்டர் குறைந்தது. செவ்வாய் 90 கிலோமீட்டர். கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. புதன் உடம்பு சரியில்லை, வண்டி எடுக்கவில்லை. ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. வியாழன் இரண்டு முறை விமான நிலையம், நல்ல நெரிசல், 200 கிலோமீட்டர். அரை லிட்டர்.

இந்த நாலு வரி என்ன சொல்கிறது? புதன்கிழமை வரியைப் பாருங்கள். வண்டி சும்மா நின்றால் தண்ணீர் குறையவில்லை. ஓடினால்தான் குறைகிறது. அதாவது எஞ்சின் சூடாகி, உள்ளே அழுத்தம் ஏறும்போதுதான் ஓட்டை வாய் திறக்கிறது. ஆறினால் மூடிக்கொள்கிறது. பட்டறைக்காரர் ஆறிய வண்டியைப் பார்த்தார். அவருக்கு எப்படித் தெரியும்?

அட்டைச் சோதனையும் செய்தார்கள். மார்க்கெட் தரையில் இதைச் செய்ய முடியாது. காய்ந்த தரை வேண்டும். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்தார்கள். வெள்ளை அட்டையாக இருந்தால் நல்லது. எந்தப் பக்கம் எஞ்சின், எந்தப் பக்கம் டிரைவர் என்று அட்டையில் எழுதி வைக்க வேண்டும். காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால் மேலே எந்தப் பாகம் என்று தெரியும்.

சொட்டு விழுந்தால் அது எது என்று எப்படி அறிவது? ஏ.சி. தண்ணீர் வெறும் தண்ணீர். நிறம் இல்லை, வாசம் இல்லை. இடது பக்கம் முன் சீட்டுக்கு அருகே விழும். அது குற்றம் இல்லை. எஞ்சின் ஆயில் கறுப்பாகவோ பழுப்பாகவோ வழவழவென்று இருக்கும். கூலண்டும் கொஞ்சம் வழவழக்கும், ஆனால் நிறம் இருக்கும், இனிப்பு வாசம் வரும். மீன்கடைத் தண்ணீரின் வாசத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை! பார்ப்பது கண்ணால், மோப்பம் மூக்கால். நாக்கில் மட்டும் வைக்கக் கூடாது. கூலண்ட் விஷம். அதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும்.

நம் டிரைவரின் அட்டை காலையில் காய்ந்தே இருந்தது.

அடுத்து, ஹெட் கேஸ்கட் என்று சொன்னார்களே, அது உண்மையா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் இரண்டு துண்டாக இருக்கிறது. கீழே பிளாக், மேலே ஹெட். நடுவில் ஒரு தகடு. அதுதான் ஹெட் கேஸ்கட். தீயும் தண்ணீரும் ஆயிலும் ஒன்றோடு ஒன்று கலக்காமல் அது காக்கிறது. அது கிழிந்தால் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே போகும். வெளியே சொட்டாது. பெரிய செலவுதான். ஆனால் அதற்கு அடையாளங்கள் உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். இனிப்பு வாசம் அடிக்கும். ஆயில் அளக்கும் கம்பியை எடுத்தால் ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி இருக்கலாம். காலையில் ஆறிய வண்டியைக் கிளப்பிய உடனே ரப்பர் குழாய் கல்லாக இறுகும். டப்பாவில் குமிழி குமிழியாக வரும். எல்லா அடையாளமும் சேர்ந்து வர வேண்டும் என்பதில்லை. குளிர்காலக் காலையில் சிறிது நேரம் வெள்ளை ஆவி வருவது மட்டும் நோய் இல்லை. டில்லி ஜனவரியில் மனிதன் வாயிலிருந்தே ஆவி வருகிறதே!

இந்த அடையாளம் எதுவும் அவர் வண்டியில் இல்லை. அதனால் அவர் எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு மெக்கானிக்கிடம் போனார். டில்லியில் மெக்கானிக்கை உஸ்தாத் என்று கூப்பிடுவார்கள். குரு என்பது போல மரியாதைச் சொல்.

"உஸ்தாத், நின்னா குறையல, ஓடினா குறையுது. பாருங்க, எழுதியிருக்கேன்."

உஸ்தாதுக்குத் தமிழ் தெரியாது. எண்கள் தெரியும். டிரைவர் இந்தியில் விளக்கினார். உஸ்தாத் நோட்டைப் பார்த்துவிட்டு, "வண்டி ஆறட்டும்" என்றார். அது நல்ல மெக்கானிக்குக்கு அடையாளம்.

பிறகு ஒரு கருவியை எடுத்தார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு போல ஒரு கைப்பம்பு. அதில் ஒரு முள். ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டினார். மூடியின் மேல் 0.9, 1.1 என்று ஒரு எண் எழுதியிருக்கும். அந்த மூடி தாங்கும் அழுத்தம் அது. அந்த எண் வரைக்கும்தான் காற்றடிக்க வேண்டும். அதிகம் அடித்தால் நல்ல குழாயும் வெடிக்கும். எஞ்சின் ஓடாமலே, சூடில்லாமலே, உள்ளே ஓடுகிற வண்டியின் அழுத்தம் வந்துவிட்டது. இனிமேல் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். கால் மணி நேரம் முள் அசையாவிட்டால் ஒழுகல் இல்லை. இறங்கினால் எங்கோ போகிறது.

முள் மெல்ல இறங்கியது.

உஸ்தாத் டார்ச் விளக்கை எடுத்தார். ஒரு சின்னக் கண்ணாடியையும் எடுத்தார். கண் போகாத இடத்துக்குக் கண்ணாடி போகும். முதலில் ரேடியேட்டர். இன்றைய ரேடியேட்டரில் நடுவே அலுமினியம், ஓரத்தில் பிளாஸ்டிக். இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விடும். ஈயப் பற்று இதில் செல்லாது. அங்கே ஒன்றும் இல்லை. அடுத்து ரப்பர் குழாய்கள். கை வைத்து அமுக்கிப் பார்த்தார். உப்பல், வெடிப்பு, கொழகொழப்பு இருந்தால் மாற்ற வேண்டும். அடுத்து வாட்டர் பம்ப். டில்லியில் வாட்டர் பாடி என்பார்கள். அதன் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. பம்பின் உள் சீல் போனால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கசியும். பம்பு செய்தவர்களே விட்ட துளை அது. சிலர் ஒழுகுகிறதே என்று அதை அடைத்துவிடுவார்கள். காய்ச்சல் பார்க்கும் கருவியை உடைத்தால் காய்ச்சல் போய்விடுமா?

அங்கேயும் ஈரம் இல்லை.

இன்னொரு இடம் காருக்குள்ளேயே உண்டு. ஹீட்டர். நம் ஊரில் ஹீட்டர் எதற்கு என்று கேட்பார்கள். டில்லிக் குளிரில் தெரியும். எஞ்சினின் சூடான தண்ணீரைத்தான் ஹீட்டர் பயன்படுத்துகிறது. முன் சீட்டுக்கு முன்னால், உள்ளே ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. அது ஒழுகினால் கால் மிதியடி ஈரமாகும். கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போல மூடும். இனிப்பு வாசம் வரும். உஸ்தாத் மிதியடியைத் தூக்கிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

கடைசியாக ஒரு இடம் மிஞ்சியது. டில்லி வண்டிகளுக்கே உரிய இடம் என்று சொல்லலாம்.

டில்லிக் காற்று மிகவும் கெட்டுப் போயிருந்தது. 1998இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. பஸ்கள் எல்லாம் சி.என்.ஜி. எரிவாயுவில் ஓட வேண்டும். பழைய ஆட்டோ, டாக்சிகளுக்குப் பதில் சுத்தமான எரிபொருளில் ஓடும் வண்டிகள் வர வேண்டும். அப்படித்தான் டில்லி டாக்சிகள் எரிவாயுவுக்கு மாறின. நம் டிரைவரின் வண்டியும் சி.என்.ஜி. வண்டிதான்.

எரிவாயுவை உருளையில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைக்கிறார்கள். அப்படியே எஞ்சினுக்கு அனுப்ப முடியாது. நடுவில் ரெடியூசர் என்ற பெட்டி அழுத்தத்தைக் குறைக்கிறது. சைக்கிள் டியூபிலிருந்து காற்றைத் திறந்துவிட்டால் வால்வு ஜில்லென்று ஆகும். பார்த்திருப்பீர்கள். ரெடியூசரும் அதே போல் குளிர்கிறது. விட்டால் பனி படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் பல வண்டிகளில் எஞ்சினின் சூடான தண்ணீரை இரண்டு சின்னக் குழாய்கள் வழியே ரெடியூசருக்குக் கொண்டுபோகிறார்கள். வண்டி வாங்கிய பிறகு கேஸ் கிட் மாட்டினால் ஹீட்டர் குழாயை வெட்டி, நடுவில் டீ வடிவத்தில் ஒரு இணைப்புக் கொடுப்பார்கள். ஒரு இணைப்புக்கு மூன்று வாய். மூன்று வாய்க்கும் மூன்று கிளிப். ஒவ்வொன்றும் ஒழுக வாய்ப்புள்ள இடம். பெட்ரோல் வண்டியில் பழகிய மெக்கானிக் இந்த இடத்தைப் பார்க்கவே மறந்துவிடுவார்.

கண்ணாடியில் தெரிந்தது. டீ இணைப்பின் ஒரு வாயில், கிளிப்புக்குக் கீழே வெள்ளையும் சிவப்புமாக ஒரு பொருக்கு. உப்புப் பூத்தது போல. அதன் நடுவிலிருந்து ஊசி முனை அளவு ஈரம் வந்துகொண்டிருந்தது. ஓடும்போது அங்கிருந்து சொட்டுவது நேரே சூடான சைலன்சர் குழாயில் விழுகிறது. விழுந்ததும் ஆவியாகிவிடுகிறது. தரைக்கு வருவதே இல்லை. அட்டை காய்ந்திருந்ததற்குக் காரணம் இதுதான். ஐ.என்.ஏ.வில் பார்த்த ஈரம் உண்மையிலேயே மீன்கடைத் தண்ணீர்தான். ஆனால் அன்றைக்கே வண்டியும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது!

ஒரு சாண் ரப்பர் குழாய், மூன்று புதுக் கிளிப், புதிதாகக் கூலண்ட். வேலை முடிந்தது. எஞ்சினில் கை வைக்கவில்லை. புதுக் கூலண்ட் ஊற்றிய பிறகு உஸ்தாத் ஹீட்டரைத் திறந்துவைத்து எஞ்சினை ஓட விட்டார். உள்ளே மாட்டிய காற்று வெளியே வர வேண்டும். காற்று தங்கினால் தண்ணீர் சுற்றாது. டில்லி நிலத்தடித் தண்ணீரில் பல இடங்களில் உப்பு அதிகம். டீ போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது போல ரேடியேட்டருக்குள்ளும் படியும். அதனால் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில்தான் கூலண்டைக் கலந்தார். வழியில் அவசரம் என்றால் குடிதண்ணீர் போதும். அது வீடு வந்து சேர மட்டும்.

பழுது பார்க்கிறேன் என்று சிலர் செய்யும் வேலைகளையும் சொல்ல வேண்டும். ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது பழைய வழக்கம். ஓட்டையை அடைக்கும் என்பார்கள். ஐ.என்.ஏ.வில் மஞ்சளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மஞ்சளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் சேர்த்து அடைத்துவிடும். இன்னும் சிலர் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவார்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை நிறுத்திவைக்கும் வால்வு அது. அதைக் கழற்றினால் முள் கீழே நிற்கும். மனம் நிம்மதியாகும். ஆனால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர வெகு நேரம் ஆகும். எரிபொருள் அதிகம் போகும். ஒழுகல் அப்படியே இருக்கும்.

முள்ளையும் முழுக்க நம்ப முடியாது. தண்ணீர் மிகவும் குறைந்துவிட்டால் சூட்டை அளக்கும் கருவி தண்ணீரில் முங்காமல் வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும், முள் கீழே இருக்கும். பல புதிய சின்ன வண்டிகளில் முள்ளே இல்லை. சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தால் அடுத்த சிக்னல் வரை போகலாம் என்று நினைக்கக் கூடாது. ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரம் கட்ட வேண்டும். ஹீட்டர் எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுக்கும். வெயிலில் ஹீட்டரா என்று பயணிகள் திட்டுவார்கள். இரண்டு நிமிடம்தான். பிறகு எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடான கண்ணாடித் தம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் ஆவது எஞ்சினுக்கும் ஆகலாம்.

இனி அந்த விஷத்தைப் பற்றி. கூலண்டில் எத்திலீன் கிளைக்கால் என்ற பொருள் இருக்கிறது. இனிப்பாக இருக்கும். அதுதான் ஆபத்து. நாய், பூனை நக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும். நிறமாக, இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் சர்பத் என்று குடித்துவிடுவார்கள். யாராவது குடித்துவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடித்த பாட்டிலையும் கையோடு கொண்டுபோனால் டாக்டருக்கு உதவும்.

உஸ்தாத் வண்டியிலிருந்து இறக்கிய பழைய கூலண்டைச் சாக்கடையில் கொட்டவில்லை. மூடி உள்ள கேனில் பிடித்துவைத்தார். மிஞ்சிய புதுக் கூலண்டை டிரைவர் வீட்டுக்கு எடுத்துவந்தார். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைக்கப் போனார். மனைவி தடுத்தார். அது வந்த கேனிலேயே இருக்கட்டும் என்றார். மூடியை இறுக்கினார். குழந்தைகளுக்கு எட்டாத பரண் மேல் வைத்தார். வைப்பதற்கு முன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். பெரிய எழுத்தில் "விஷம்" என்று எழுதி, கேனின் மேல் ஒட்டினார்.